முற்றத்தில் எரிந்த அடுப்பும் என் முதல் செய்தியும்

மூன்று வருடங்களுக்கு முன்னால், தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று திருகோணமலை முழுவதற்கும் புழுதி பூசிக்கொண்டிருந்த ஓர் ஆனி மாதத்தில் நடந்த கதை இது. நான் அப்போது பல்கலைக்கழகத்தில் ஊடகம் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வருடத்தில் எல்லோரும் ஏதாவதோர் ஊடக நிறுவனத்தில் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் அடுத்த வருடம் ஜூனியர் பிள்ளைகளோடு குந்தியிருக்க வேண்டியதுதான். என்னோடு படித்தவர்கள் எல்லோரும் கொழும்புக்கு விண்ணப்பித்தார்கள். தொலைக்காட்சி என்றார்கள், வானொலி என்றார்கள், புதுச் சட்டை தைத்தார்கள். நான் மட்டும் வகுப்பில் எழும்பி நின்று, "நான் திருகோணமலையிலதான் செய்வன்" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், உண்மையில் வீம்புதான். "திருகோணமலையில என்ன செய்தி இருக்கு, மீன் விலையோ?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. இவ்வளவு பெரிய துறைமுகம் இருக்கிறது, கடல் இருக்கிறது, மூன்று மொழியும் பேசும் சனம் இருக்கிறது, செய்தி இல்லையாமே! வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அம்மா தலையில் அடித்துக்கொண்டா. "உனக்கு வாயில பூட்டுப் போட்டுத்தான் அனுப்ப வேணும்" என்றா. ஆனால் நான் கொழும்புக்குப் போகவில்லை என்பதில் அவவுக்கு உள்ளூரச் சந்தோசம். அது முகத்திலேயே தெரிந்தது.

அன்புவழிபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் கிளம்பினேன். ஒரு பத்திரிகையின் கிளை அலுவலகம் உட்துறைமுக வீதிப் பக்கம் இருக்கிறது என்று இணையத்தில் போட்டிருந்தது. தேடிப் போனால் அந்த இடத்தில் ஒரு மணப்பெண் அலங்காரக் கடை. உள்ளே இருந்த அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கலியாணம் எப்ப?" என்றா. அடுத்ததாக ஒரு வானொலிக் கிளையைத் தேடிப் போனேன். அங்கே காவலாளி மட்டும் இருந்தார், வானொலி இல்லை. களைத்துப் போய் பஸ் நிலையத்தில் குந்தியிருந்து செருப்பு வாரைச் சரி செய்துவிட்டு நிமிர்ந்தால், பக்கத்தில் வைத்த என் சுயவிவரத்தை ஒரு மான் ஆறுதலாக மென்றுகொண்டு நிற்கிறது. எங்கள் ஊர் மான்களுக்கு வெட்கம் கிடையாது. அந்த வாரம் முழுவதும் என் சுயவிவரத்தைக் கடைசி வரை பார்த்த ஒரே சீவன் அதுதான்.

அதைத் திரும்ப அச்சடிக்கப் போன இடத்தில்தான் அதிர்ஷ்டம் அடித்தது. மத்திய வீதிக்குக் கிட்ட ஒரு கொமினிகேஷன். போட்டோக்கொப்பி, ரீலோட், பாஸ்போட் படம் எல்லாம் நடக்கும் சின்னக் கடை. கடைக்கார அண்ணா என் தாளை வாசித்துவிட்டு, "தங்கச்சி, பேப்பர் வேலையோ தேடுறீங்கள்? நானும் பேப்பர்தான்" என்றார். ஒரு கொழும்புத் தமிழ்ப் பத்திரிகையின் மாவட்ட நிருபர் அவர்! எனக்கு அந்த இடத்திலேயே துள்ள வேண்டும் போல் இருந்தது. அவருடைய அலுவலகமே அந்தக் கடைதான். ஒரு பக்கம் அடையாள அட்டை கொப்பி எடுப்பார், மறுபக்கம் செய்தி அனுப்புவார்.

"எனக்கே மாசச் சம்பளம் இல்லை, உங்களை எங்க வைக்கிறது?" என்று சிரித்தார். பயிற்சிக்குக் கையெழுத்து வைக்கக்கூடியவ கொழும்பில் இருக்கும் மாகாணச் செய்தி ஆசிரியர்தான் என்று சொல்லி, அவவுடைய இலக்கத்தைத் தந்தார். நான் கடைக்கு வெளியே நின்று, காற்று காதை அடைக்க, உடனேயே அவவுக்கு அழைப்பு எடுத்தேன். அந்தப் பக்கம் ஒரு வெட்டு ஒன்று துண்டு இரண்டு குரல். "முதல்ல ஒரு செய்தி அனுப்புங்கோ. உங்கட சொந்தச் செய்தி. குறூப்பில வாறது வேண்டாம். சரியெண்டால் எடுக்கிறன்" என்றா. அவ்வளவுதான், வைத்துவிட்டா.

குறூப் என்று அவ சொன்னதை விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் மாவட்ட நிருபர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். மாவட்டமோ நீளம். சம்பூரில் ஒரு கூட்டம், கந்தளாயில் ஒரு விழா, குச்சவெளியில் ஒரு விபத்து என்றால் எல்லோராலும் எல்லா இடமும் போக ஏலாது. போகிறவர் படமும் நாலு வரியும் குழுவில் போடுவார். மற்றவர்கள் அதை எடுத்துத் தங்கள் தங்கள் பத்திரிகைக்கு அனுப்புவார்கள். பெற்றோல் விலைக்கும் அவர்களுக்குக் கிடைக்கும் வருமானத்துக்கும் வேறு வழி இல்லை, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அண்ணா என்னையும் அதில் சேர்த்துவிட்டார். நான் ஏதோ பெரிய பதவி கிடைத்த மாதிரி அம்மாவுக்குக் காட்டினேன்.

முதல் செய்தியாகத் துறைமுகத்தைப் பற்றி எழுதி அனுப்பினேன். "இயற்கை அன்னையின் மடியில் துயில்கொள்ளும்" என்று தொடங்கினேன். உடனே அழைப்பு வந்தது. "பிள்ளை, துறைமுகம் நித்திரை கொள்ளுறது செய்தியில்லை. எழும்பினால் சொல்லுங்கோ." அடுத்து சந்தைக்குப் பின்னால் உடைந்த வாய்க்காலைப் பற்றி எழுதினேன். "இது போன வருசமும் வந்தது, அதுக்கு முதல் வருசமும் வந்தது" என்றா. இன்னொன்று அனுப்பினேன், அதற்குப் பதிலே இல்லை. இப்படியே நாட்கள் ஓடின. விரிவுரையாளர் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த வெள்ளிக்கிழமைக்குள் இடம் உறுதி இல்லையென்றால் பெயரை எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார். கொழும்பு போனவர்கள் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு படம் போடுகிறார்கள். நான் செய்தி பழகப் போய், அண்ணாவின் கடையில் போட்டோக்கொப்பி பழகிக்கொண்டிருந்தேன்.

அந்த வியாழக்கிழமை காலையும் கடையில்தான் நின்றேன். அண்ணா கந்தளாயில் ஏதோ திறப்பு விழாவுக்குப் போய்விட்டார். குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. ஓர் ஒழுங்கை, பாதையின் இரு பக்கமும் கயிற்றில் செத்த வீட்டுக்குக் கட்டும் வெள்ளைக்கொடிகள். கீழே நாலு வரி. குச்சவெளிப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் இருந்து கடலுக்குப் போய்க் காணாமற்போன அண்ணன் தம்பி இருவரும் சடலங்களாக மீட்கப்பட்டார்கள், கிராமமே சோகத்தில் மூழ்கியது என்று இருந்தது. காணாமற்போன செய்தி முதல்நாளே வந்திருந்தது. எஞ்சின் பழுதாகியிருக்கும், கச்சான் காற்று வெளியே தள்ளிக்கொண்டு போயிருக்கும் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்தார்கள். நான் "ஐயோ" என்று சொல்லி முடிப்பதற்குள் கைபேசி அடித்தது. கொழும்பு!

"அண்ணா கந்தளாயில நிக்கிறாராம். நீங்கள் போவீங்களோ? வீட்டில ஒரு படம், மனிசி சொன்ன ரெண்டு வரி. பின்னேரத்துக்குள்ள வந்தால் முன்பக்கம். உங்கட பேரோட போடுறன்."

என் பெயரோடு முன்பக்கம்! அந்த நேரத்தில் எனக்கு வந்தது கவலை இல்லை, சந்தோசம். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு ஓடினேன். புல்மோட்டை பஸ் நகரத் தொடங்கிவிட்டது. ஏறித் தொங்கினேன். நிலாவெளி தாண்டுவதற்குள் கைபேசியில் பாதிச் செய்தியை எழுதியும் விட்டேன். "மனைவியின் கதறல் காண்போர் நெஞ்சை உருக்கியது" என்று எழுதினேன். அந்த மனைவியை நான் அதுவரை கண்டதே இல்லை. படிக்கும் காலத்தில் வாசித்த செய்திகள் எல்லாம் அப்படித்தான் இருக்கும், என் கையும் தானாக அதையே எழுதிவிட்டது.

இறங்கி நடந்தேன். படத்தில் பார்த்த அதே ஒழுங்கை. வெள்ளைக்கொடிகள் காற்றில் படபடவென்று அடித்தன. ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் பிளாஸ்டிக் கதிரைகள் அடுக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். விளையாட்டுக் கழகப் பெடியள் அதைச் சுற்றி நின்றார்கள். ஆனால் ஒருவரும் கதிரையை இறக்கவில்லை. எல்லோரும் ஒரு வீட்டின் படலைக்குள்ளே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளேயிருந்து ஒரு பெண் சத்தம் போடுவது கேட்டது. அழுகை இல்லை, ஏச்சு.

"ஒரு கதிரை இறங்கினாலும் இறக்கினவன்ர கையை முறிப்பன்! ஆரடா சொன்னது உங்களுக்கு?"

எட்டிப் பார்த்தேன். முற்றத்தின் நடுவில் மூன்று கல் வைத்து அடுப்பு. அடுப்பில் பெரிய பானை. அதற்கு முன்னால் முப்பது முப்பத்தைந்து வயதில் ஒரு அக்கா, கரி பூசிய கையோடு, அந்தக் காற்றில் நெருப்பு அணையாமல் தகரம் ஒன்றை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறா. புகை முற்றம் எல்லாம் சுற்றுகிறது. விறாந்தையில் சொந்தக்காரப் பெண்கள் சீலைத் தலைப்பை வாயில் வைத்து விம்முகிறார்கள். அவ அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. இவதான் அந்த மனைவி, காணாமற்போன அண்ணன் தம்பியில் அண்ணனைக் கட்டினவ.

என் கையில் கைபேசியைக் கண்டுவிட்டா. "நீ ஆர்?" என்றா. பேப்பரிலிருந்து வருகிறேன் என்று சொன்னேன்.

"நல்லதாப் போச்சு. இஞ்ச வா. கிட்ட வா. இது என்ன?"

"அடுப்பு, அக்கா."

"எரியுதோ?"

"ஓம்."

"செத்த வீட்டில அடுப்பு எரியுமோ? சொல்லு பாப்பம்! குசினிக்குள்ள மூட்டினால் ஒருத்தருக்கும் தெரியாதெண்டுதான் இஞ்ச கொண்டு வந்து வைச்சனான். வாறவன் போறவன் எல்லாம் பாக்கட்டும்."

எங்கள் பக்கத்தில் செத்த வீட்டில் காரியம் முடியும் வரை அடுப்பு மூட்டமாட்டார்கள். பக்கத்து வீடுகளில் இருந்துதான் சாப்பாடு வரும். எல்லோரும் வந்து துக்கம் விசாரிக்கத் தொடங்க, இந்த அக்கா அடுப்பைத் தூக்கி முற்றத்தில் வைத்துப் பட்டப்பகலில் சோறு வடிக்கிறா! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனாலும் என்ன செய்வது, எனக்கு இரண்டு வரி வேண்டும். மெதுவாக, "உடம்புகளை எங்க அக்கா வைச்சிருக்கினம்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஏசப் போகிறா என்று நினைத்தேன்.

அவ ஏசவில்லை. தகரத்தைக் கீழே வைத்தா. "அதைத்தான் பிள்ளை நானும் காலமை தொடக்கம் கேக்கிறன். ஒருத்தரும் சொல்லீனம் இல்லை" என்றா. அந்த ஒரு வரியை மட்டும் அவ சத்தம் போடாமல் சொன்னா.

நான் திரும்பிப் படலையடிக்கு வந்து கேட்கத் தொடங்கினேன். கதிரை கொண்டுவந்த பெடியனிடம், யார் கண்டது என்று கேட்டேன். பத்திரிகைகளின் பேஸ்புக் பக்கங்களில் வந்தது என்றான். சித்தப்பா முறையான ஒருவர் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்றார். யார் சொன்னது என்றால், ரோட்டில் நின்ற ஒருவர் சொன்னாராம். ரோட்டில் நின்றவரைப் பிடித்தேன். அவருக்கு மைத்துனர் திருகோணமலையிலிருந்து அழைத்துச் சொன்னாராம். மைத்துனருக்கு யார் சொன்னது? அவரும் பேஸ்புக். ஆஸ்பத்திரிக்கு எடுத்தேன். "இஞ்ச அப்பிடி ஒருத்தரையும் கொண்டு வரேல்லையே தங்கச்சி" என்றார்கள். பொலிசுக்கு எடுத்தேன். அவர்களுக்கும் தெரியாது, அவர்களும் செய்தியில்தான் பார்த்தார்களாம்.

கடைசியில், குழுவில் அந்தப் படத்தைப் போட்ட நிருபருக்கே எடுத்தேன். வேறு பத்திரிகைக்காரர், நல்ல மனுசன். "நீங்கள் கண்டனீங்களோ அண்ணா?" என்றேன். "நான் பஸ்ஸில புல்மோட்டை போகேக்க ஒழுங்கையில வெள்ளைக்கொடி கண்டனான். காணாமப் போனவையின்ர ஊர்தானே அது. அதுதான் படம் எடுத்துப் போட்டனான்" என்றார். "உடம்பு?" "அதுதானே கொடி கட்டியிருக்கு!"

நான் கைபேசியைக் காதில் வைத்தபடியே திரும்பி, கழகப் பெடியளிடம் கத்தினேன். "இந்தக் கொடி எப்ப கட்டினது?"

"இதோ? இது முந்தநாள் கட்டினது அக்கா. மூலை வீட்டு ஐயா வயசு போய்ச் செத்தவர். அவரின்ர செத்த வீட்டுக்கு. இன்னும் கழட்டேல்லை."

அப்படியே நின்றேன். விளங்குகிறதா உங்களுக்கு? மூலை வீட்டு ஐயாவுக்குக் கட்டிய கொடியைப் பார்த்து நிருபர் செய்தி போட்டிருக்கிறார். செய்தியைப் பார்த்துச் சொந்தக்காரர் வந்திருக்கிறார்கள். சொந்தக்காரர் வந்ததைப் பார்த்துக் கழகம் கதிரை கொண்டுவந்திருக்கிறது. நான் வந்திறங்கி அந்தக் கதிரையைப் பார்த்துச் செத்த வீடு என்று நினைத்தேன். ஒருவரைப் பார்த்து ஒருவர் நம்பியிருக்கிறோமே தவிர, அந்த இரண்டு பேரையும் கண்டவர் ஒருவரும் இல்லை!

"ஒருத்தரும் காணேல்லை! உடம்பு கிடைக்கேல்லை! ஒண்டும் கிடைக்கேல்லை!" என்று நான் போட்ட சத்தத்தில் ஒழுங்கையே திரும்பிப் பார்த்தது. முற்றத்தில் நின்ற அக்கா கும்பிட்ட கை கும்பிட்டபடி அடுப்படியில் குந்திவிட்டா. ஆனால் கூட்டத்தில் நின்ற ஒருவரின் முகம் மட்டும் வெளிறிப் போனது. அவர் மீனவர் சங்கத் தலைவர்.

"கடவுளே, நான் எல்லாரையும் திரும்பி வரச் சொல்லிட்டனே" என்றார்.

அப்போதுதான் எனக்கு நிலைமை முழுக்க விளங்கியது. முதல்நாளிலிருந்து சங்கத்து வள்ளங்கள் தேடிக்கொண்டிருந்திருக்கின்றன. வெளிக்கடலில் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்யும் பலநாள் படகுகளுக்கும் றேடியோவில் சொல்லி, பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். காலையில் இந்தச் செய்தி வந்ததும், உடம்பு கிடைத்துவிட்டது, இனித் தேட வேண்டாம் என்று அவரே எல்லோருக்கும் அறிவித்துவிட்டார். ஆக, கடலில் அந்த இரண்டு பேரையும் அப்போது ஒருவருமே தேடவில்லை. கச்சானோ நிற்காமல் அடிக்கிறது.

அவர் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். கடற்கரையில் சங்கக் கட்டடத்துக்குள் றேடியோ இருந்தது. தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு தமிழிலும் தனக்குத் தெரிந்த சிங்களத்திலுமாக மாறி மாறிச் சொன்னார். ஆட்கள் கிடைக்கவில்லை, இன்னும் கடலில்தான் நிற்கிறார்கள், தயவு செய்து பாருங்கள், இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கரையேறிக்கொண்டிருந்த வள்ளங்கள் திரும்பத் தண்ணீரில் இறங்கின. கதிரை கொண்டுவந்த பெடியளே வள்ளத்தைத் தள்ளினார்கள். நான் நிருபர் குழுவில் குரல் பதிவு போட்டேன். என்ன சொன்னேன் என்று சரியாக ஞாபகம் இல்லை, ஆனால் ஏசியிருப்பேன். பிறகு கந்தளாயிலிருந்து எங்கள் அண்ணா கேட்டுவிட்டு, "தங்கச்சி, உங்களுக்கு அம்மன் ஆடினதோ எண்டு நினைச்சன்" என்றார்.

கொழும்பிலிருந்து ஆசிரியர் மிஸ்ஸின் அழைப்பு வந்தது. "எங்க பிள்ளை செய்தி? எல்லாரும் போட்டாச்சு" என்றா. எரிச்சலாகத்தான் சொன்னா. என் பயிற்சி, என் வெள்ளிக்கிழமை, என் பெயர், எல்லாம் அவ கையில் இருக்கிறது. "மிஸ், ஒருத்தரும் காணேல்லை. அவை சாகேல்லை. சாகேல்லை எண்டும் தெரியாது. ஒண்டும் தெரியாது" என்று உளறிக் கொட்டினேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"ஆஸ்பத்திரியைக் கேட்டீங்களோ?"

"ஓம் மிஸ்."

"பொலிஸ்?"

"ஓம்."

"அப்ப அங்கயே இருந்து எழுதுங்கோ. கண்ணீர் கிண்ணீர் வேண்டாம். தெரிஞ்சதை மட்டும்."

சங்கக் கட்டடத்து வாசலில் மணலில் குந்தியிருந்து எழுதினேன். பஸ்ஸில் எழுதிய நெஞ்சுருக்கம் எல்லாவற்றையும் அழித்தேன். இறந்ததாகப் பரவிய தகவலை எவரும் உறுதிப்படுத்தவில்லை, தேடுதல் மீண்டும் தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான் செய்தி. என் வாழ்க்கையில் எழுதிய ஆகச் சின்னச் செய்தி அதுதான். திரும்பும்போது அந்த வீட்டுக்குப் போனேன். அக்கா ஒரு தட்டில் சோறும் மீன் குழம்பும் போட்டு நீட்டினா. பசி கொன்றது. ஆனால் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. நான் கூவிய கூவலுக்கு இவ நம்பியிருப்பாவே, நாளைக்கு உண்மையிலேயே உடம்பு வந்தால் என்ன செய்வது என்று நினைத்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அதை அவ முகத்தைப் பார்த்துச் சொல்லவும் தைரியம் இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் கடையில் யாருக்கோ பிறப்புச் சான்றிதழ் கொப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். சங்கத் தலைவர் அழைத்தார். அவர் "பிள்ளை!" என்று தொடங்கிய விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"கண்டிட்டாங்கள்! ரெண்டு பேரும் உசிரோட! பலநாள் படகில ஏத்தியாச்சு, கொட்பேக்குக் கொண்டு வாறாங்கள்!"

நான் போட்ட கூச்சலில் கொப்பி எடுக்க வந்த மனுசன் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். அண்ணா என்னைச் சைக்கிளில் போகவிடவில்லை. கடையை இழுத்து மூடிவிட்டுத் தன் மோட்டார் சைக்கிளில் கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார். வழியெல்லாம் நான் பின்னால் இருந்து, "கெதியாப் போங்கோ, கெதியாப் போங்கோ" என்று அவர் முதுகில் குத்திக்கொண்டு போனேன்.

துறைமுகத்தில் சனம் என்றால் சனம். குச்சவெளியிலிருந்து வான் பிடித்து வந்திருந்தார்கள். நிருபர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், கொடியைப் படமெடுத்தவர் உட்பட. அவர் என்னைக் கண்டதும் கிட்ட வந்து தலையை ஆட்டினார். மத்தியான வெயிலில் அந்தப் படகு உள்ளே வந்தது. முன்னுக்கு இரண்டு பேர் போர்வை போர்த்திக்கொண்டு நின்றார்கள். முகம் கறுத்து, உதடு வெடித்து, ஆனால் காலில் நின்றார்கள். கரையில் இருந்த பெண்கள் எல்லோரும் ஓவென்று அழத் தொடங்கினார்கள். அண்ணன்காரர் இந்தக் கூட்டத்தையும் அழுகையையும் பார்த்து மிரண்டுபோய், படகிலிருந்தே கேட்டார்.

"ஆர் செத்தது?"

அழுதுகொண்டிருந்த சனம் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரிக்காதவ அந்த அக்கா மட்டும்தான். புருசன் இறங்கியதும் அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் போட்டு அடித்தா. "இன்னும் போவியோ? எஞ்சின் பாக்காமப் போவியோ?" என்று கேட்டுக் கேட்டு அடித்தா. பிறகு அப்படியே அவர் தோளில் சாய்ந்து அழுதா. இரண்டு நாளாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுசி. நானும் அழுதேன், எங்கள் அண்ணாவும் மூக்கை உறிஞ்சினார், கேட்டால் தூசி என்றார்.

படகோட்டி சிங்களவர், தெற்கே காலி நகரத்திலிருந்து வந்து தொழில் செய்பவர். எப்படிக் கண்டீர்கள் என்று கேட்டேன். கையை ஆட்டி ஆட்டி, தனக்கு வந்த தமிழில் சொன்னார். "முதல்ல தேட வேணாம் சொன்னது. நாங்க சரி சொல்லிப் போனது. பிறகு திரும்ப ஆள் இருக்கு சொன்னது. அதனால ஒரு ஆள் மேல ஏறிப் பாத்துக்கொண்டே இருந்தது. விடிய நேரம் சின்னதா ஒண்டு தெரிஞ்சது." அவர் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். அந்த இரண்டாவது தகவல் போகாமல் இருந்திருந்தால், மேலே ஏறி ஒருவரும் நின்றிருக்க மாட்டார்கள்.

துறைமுகக் கட்டில் இருந்தபடியே செய்தியை அனுப்பினேன். மிஸ் உடனே அழைத்தா. "எல்லாரும் இண்டைக்குத் திருத்தம் போடுவினம். நாங்கள் செய்தி போடுறம். உங்கட விரிவுரையாளரின்ர நம்பரைத் தாங்கோ, இப்பவே கதைக்கிறன். திங்கள் தொடக்கம் நீங்கள் எங்கட ஆள்" என்றா. நான் நன்றி சொல்ல மறந்து, "மிஸ், அவர் வந்திறங்கி ஆர் செத்தது எண்டு கேட்டவர்!" என்று கத்தினேன். கல்லு மாதிரிக் குரல் வைத்திருக்கும் அந்த மனுசி அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அடுத்த நாள் பத்திரிகையில் என் பெயர் வந்தது. அம்மா அயலில் எல்லா வீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டினா.

அதே பத்திரிகைக்குத்தான் இன்றைக்கும் எழுதுகிறேன். குழுவில் தகவல்கள் விழுந்துகொண்டேதான் இருக்கின்றன, நானும் போடுகிறேன், நானும் எடுக்கிறேன். ஆனால் மறுமுனையில் ஒருவர் அவசரப்பட்டு "எல்லாரும் போட்டாச்சு" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும், தேடுகிறவர்கள் எல்லோரும் கரைக்குத் திரும்பிவிட்ட அந்த ஒரு காலைப்பொழுது நினைவுக்கு வர, அந்த இரண்டு பேரும் இன்னும் கடலில்தான் நிற்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு நான் இன்னொரு தடவை விசாரிக்கிறேன்.